நேரமிருந்தால் ஒருமுறை பார்க்கவும்

எங்கள் பக்கத்து ஆட்களிடம் நேரான ஒரு பதிலை வாங்குவதற்குள் ஆயுசு போய்விடும். வீடு பற்றி எரிந்தாலும், "அடுப்படிப் பக்கம் கொஞ்சம் வெளிச்சம் ஜாஸ்தியாத் தெரியுது, சௌகரியப்பட்டா வந்து பாருங்க" என்றுதான் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுவோம். 'பரவாயில்லை' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சம்மதம், மறுப்பு, கோபம், பசி, நெஞ்சுவலி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவோம். சியோல்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று தாக் மிக்யொங்கைக் கேட்டால் சொல்வாள். அதையும் சுற்றிவளைத்துத்தான் சொல்வாள்.

மிக்யொங்குக்கு வயது ஐம்பத்திரண்டு. ஊரின் பெரிய மருத்துவமனையில், கீழ்த்தளத்தில் இருக்கும் திசு ஆய்வுக்கூடத்தில் இருபத்தெட்டு வருடமாக டெக்னீஷியன். மேலே அறுத்தெடுத்து அனுப்பும் சதையை மெழுகில் பதித்து, காற்றில் பறக்கிற அளவுக்கு மெல்லியதாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, சாயம் ஏற்றி, டாக்டர் பார்ப்பதற்குத் தட்டில் அடுக்கிக் கொடுப்பது அவள் வேலை. மைக்ராஸ்கோப்புக்கு எங்கள் மொழியில் உள்ள சொல்லின் பின்பாதிதான் அவள் பெயர். "முன்பாதி நான், பின்பாதி நீ. முன்பாதிதான் பார்க்கணும், பின்பாதி சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கணும்" என்று, ஸ்லைடுகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் குக் டாக்டர், அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளிடம் சொன்னார். அப்போது எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

செப்டம்பர் மாதம் ஒரு புதன்கிழமை காலையில் அந்தத் தட்டில் அவளுடைய நாத்தனாரின் பெயர் வந்தது. பாங் ஓக்சில், பெண், அறுபத்து மூன்று, கருப்பை.

ஓக்சில், மிக்யொங்கின் கணவன் கிதேயின் அக்கா. சந்தைத் தெருவில் மில் வைத்திருக்கிறாள். மிளகாய் அரைப்பாள், எள் ஆட்டுவாள், பண்டிகைக்கு அரிசிமாவு இடித்துக் கொடுப்பாள். புருஷன் போய் ஒன்பது வருடம், மகன் கப்பலில் வேலை. தீட்டு நின்று பத்து வருடம் கழித்துத் திடீரென்று உதிரம் பட ஆரம்பித்ததை நான்கு மாதம் யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தவள். எங்கள் ஊரில் தும்மல் வந்தாலே சியோலுக்கு பஸ் ஏறிவிடுவார்கள். ஓக்சில் மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள்.

"மிளகாய் சீசன்ல நான் சியோல்ல போய்ப் படுத்துக்கிட்டா இங்க மெஷினை யாரு ஓட்டுவா? டாக்டர் வந்து ஓட்டுவாரா?"

ஆகவே உள்ளூரிலேயே, ப்யோ என்ற இளம் டாக்டர் கையால் ஆபரேஷன் நடந்தது. கருப்பையை எடுத்தாயிற்று. கட்டி தசைக்குள் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. சீக்கிரமே பிடித்துவிட்டோம் என்று எல்லோருக்கும் நிம்மதி.

ஆனால் இந்தப் புற்றுநோயில் கட்டி எவ்வளவு தூரம் இறங்கியது என்பது பாதிக் கதைதான். அதன் உள்குணம் என்ன என்பது மீதிக் கதை. ஒரே அளவில், ஒரே இடத்தில் இருக்கும் இரண்டு கட்டிகளில் ஒன்று வெட்டியதோடு ஒழியும், இன்னொன்று ஒரு வருடம் கழித்து நுரையீரலில் போய் முளைக்கும். எது எப்படிப்பட்டது என்று முன்கூட்டிச் சொல்லச் சில சாயங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பி-53 என்ற புரதத்தைக் காட்டும் சாயம். செல்லுக்குள் தப்புத்தண்டா நடந்தால் நிறுத்திவைக்கும் புரதம் அது. அது ஒழுங்காக இருந்தால் ஸ்லைடில் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று கோணல்மாணலாகப் பழுப்பு நிறம் ஏறும். பழுதாகிவிட்டால் கட்டி முழுக்கக் கருப்பழுப்பாக அப்பிக்கொள்ளும், இல்லாவிட்டால் நிறமே ஏறாமல் வெறுமையாக நிற்கும். இரண்டுமே கெடுதல். அப்படிப்பட்ட கட்டி திரும்பி வரும் என்று எதிர்பார்த்து உடனே கீமோவும் ரேடியேஷனும் கொடுப்பார்கள்.

ஓக்சிலின் கட்டி வெறுமையாக நின்றது.

சாயம்தான் சரியில்லையோ என்று மிக்யொங் முதலில் நினைத்தாள். மறுநாள் புதிதாக ஒரு சீவல் எடுத்து, எப்போதும் ஒழுங்காக நிறம் ஏறும் டான்சில் சதையைத் துணைக்கு வைத்து, திரும்பவும் ஓட்டினாள். டான்சிலில் நிறம் ஏறியது. ஓக்சிலின் கட்டியைச் சுற்றியிருந்த சாதாரண செல்களிலும் மெல்லிய பழுப்பு தெரிந்தது. கட்டியில் மட்டும் ஒன்றுமில்லை. 

நிறம் ஏறாததும் கெடுதல் என்று அவளுக்குத் தெரிந்ததே குக் டாக்டரின் புண்ணியத்தால்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் தேஜோன் நகரத்தில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. டாக்டர் போயிருக்க வேண்டியது. அன்றைக்கு அவருக்கு கோல்ஃப். மிக்யொங்கை அனுப்பிவிட்டார். அங்கே பாடம் நடத்திய பெண் இதே மாதிரி ஒரு வெற்று ஸ்லைடைத் திரையில் போட்டு, "இதை தயவுசெஞ்சு நெகட்டிவ்னு எழுதாதீங்க. படிக்கிறவங்க நல்லதுன்னு நினைச்சுப்பாங்க. பழுதான வகைன்னு எழுதுங்க" என்று மூன்று தரம் சொன்னாள். மிக்யொங் குறிப்பெடுத்து வந்து டாக்டரின் மேஜையில் வைத்தாள். அந்த நோட்டின் மேல் அவர் காப்பிக் கோப்பையை வைத்துக்கொண்டார்.

அவள் ஒரு மஞ்சள் சீட்டு எடுத்தாள். நான்கு தடவை எழுதிக் கிழித்தாள். ஐந்தாவதைத் தட்டின் மேல் ஒட்டினாள்: 'இரண்டு முறை சாயமிட்டும் கட்டிப் பகுதியில் நிறம் ஏறவில்லை. சுற்றிலும் ஏறியிருக்கிறது. நேரமிருந்தால் ஒருமுறை பார்க்கவும்.'

குக் டாக்டருக்கு ஓய்வுபெற ஆறு மாதம் இருந்தது. ஸ்லைடு பார்க்க அந்த மருத்துவமனை முழுவதற்கும் அவர் ஒருவர்தான். இந்த வேலைக்கு இந்த மாதிரி ஊர்களுக்கு வர எந்த இளம் டாக்டரும் தயாராக இல்லை. பாவம்தான், ஒரு நாளைக்கு எண்பது தட்டு பார்ப்பார். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது சீட்டை விரலில் ஒட்டிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"ஏம்மா மிக்யொங், நிறம் ஏறலைன்னா நெகட்டிவ். இதுக்கெல்லாம் ஒரு சீட்டா?"

"இல்ல சார்... பக்கத்து செல்லுல ஏறியிருக்கு... அதான்..."

"அதான்?"

"இப்பல்லாம் அதை வேற மாதிரி சொல்றாங்க போல..."

"யாரு சொல்றா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கையில் மேல்கோட்டு, கண் கடிகாரத்தில். தேஜோன் என்று வாயைத் திறந்தால் கோல்ஃப் ஞாபகம் வரும், கோல்ஃப் ஞாபகம் வந்தால் அவருக்கு முகம் சுருங்கும். போதாததற்கு, தட்டில் இருப்பது தன் நாத்தனார். சொந்தக்காரருடைய விஷயத்தில் மூக்கை நுழைத்தாள் என்று யாராவது எழுதிப்போட்டால் வேலைக்கே உலை. மிக்யொங் மென்று விழுங்கினாள்.

"பரவாயில்ல சார். சாப்பிட்டு வாங்க."

சாயங்காலம் ரிப்போர்ட் அச்சாகி மேலே போனது. பி-53: நெகட்டிவ்.

நெகட்டிவ் என்பதற்கு எங்கள் டாக்டர்கள் சொல்லும் சொல் 'உம்சொங்'. பக்கத்து மாவட்டத்தின் பெயரும் அதுதான். உம்சொங் மிளகாய் என்றால் நாடு முழுக்கக் கிராக்கி. கொரோனா வந்த வருடங்களில் மூக்கில் குச்சியை விட்டு ஆட்டிவிட்டு உம்சொங் என்று சொன்னால் பிழைத்தோம் என்று அர்த்தம். அந்தச் சொல் கெட்டதையும் குறிக்கலாம் என்று எவனாவது சொன்னால், அவனைத்தான் எல்லோரும் ஒருமாதிரி பார்ப்பார்கள்.

அறுவடைப் பண்டிகை அன்று ஓக்சிலின் வீட்டில், மில்லுக்கு மேல் மாடியில், எல்லோரும் கூடினார்கள். மிக்யொங் விடியற்காலையிலிருந்து அடை வார்த்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் ஆன வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓக்சில் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள்.

"இது என்னடி, ஒரு பக்கம் கருகிப்போச்சு, ஒரு பக்கம் வேகவே இல்ல? ஆஸ்பத்திரில சதையைச் சீவுற கைக்கு ஒரு அடையைத் திருப்பிப் போடத் தெரியல."

"அடுப்பு கொஞ்சம் தணல் ஜாஸ்தி, அண்ணி."

"அடுப்பைச் சொல்லு. கல்யாணம் ஆகி இருபத்தேழு வருஷமா அடுப்பு மேலயே தப்பு."

மூதாதையர் படையல் முடிந்து எல்லோரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றித் தரையில் உட்கார்ந்ததும், கிதே அக்காவுக்கு அரிசிக் கள்ளை ஊற்றினான். முந்தின நாள்தான் ப்யோ டாக்டர் முடிவைச் சொல்லியிருந்தார். முதல் நிலை, பி-53 நெகட்டிவ், இனி வைத்தியம் எதுவும் வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருதரம் வந்து காட்டினால் போதும்.

"டாக்டர் உம்சொங்னு சொன்னாரா," என்று ஓக்சில் கோப்பையைத் தூக்கினாள். "நான் சொன்னேன், டாக்டர், முப்பது வருஷமா நான் உம்சொங் சரக்குதான் அரைக்கிறேன். எனக்குப் போயி அது துரோகம் பண்ணுமான்னு. அந்தப் பையன் சிரிச்ச சிரிப்புல மூக்குக்கண்ணாடியே கீழ விழுந்துடுச்சு."

கிதே கண்ணில் நீர் வரச் சிரித்தான். அவன் அக்காதான் அவனைப் படிக்கவைத்தவள். அந்த ஒரு மாதமாக ராத்திரி தூங்காமல் கிடந்த மனுஷன். அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை மிக்யொங் பார்த்து வெகுநாளாயிற்று.

"அண்ணி," என்று மெல்ல ஆரம்பித்தாள், "எதுக்கும்... ஒருதரம் சியோல்லயும் காட்டிட்டா..."

ஓக்சில் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு?" என்றாள் ஓக்சில்.

"சும்மா... ஒரு திருப்திக்கு..."

"யாரு திருப்திக்கு? என் திருப்திக்கா, உன் திருப்திக்கா? டாக்டர் நல்லாருக்கேன்னு சொல்லிட்டார். உனக்கு அது பொறுக்கலையா?"

கிதேயின் முழங்கை அவள் விலாவில் இடித்தது. "கொழுக்கட்டை எடுத்துக்கோ," என்றான் பல்லைக் கடித்தபடி. அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அவன் பொரிந்து தள்ளினான். "நல்ல நாள் அதுவுமா அந்தப் பேச்சு எதுக்கு? உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியும்னு இல்ல..."

"தெரியலைன்னா வாயை மூடிட்டு இரு. அவ முகத்துல சிரிப்பைப் பார்த்து எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா?"

தெரியும் என்று அவள் சொல்லியிருக்கலாம். அந்தக் காருக்குள் அவளும் கட்டின புருஷனும் தவிர யாரும் இல்லை. எந்தச் சட்டம், எந்த டாக்டர் வந்து கேட்டிருப்பார்? ஆனால் தான் பார்த்தது தவறாக இருந்தால் என்ன செய்வது? ஒரு டெக்னீஷியன் பேச்சைக் கேட்டு அறுபத்து மூன்று வயதுக்காரி முடியெல்லாம் கொட்டி, வாந்தியெடுத்து, கடைசியில் அதெல்லாம் தேவையே இல்லை என்று ஆகிவிட்டால்? இருபத்தேழு வருடம் அடுப்பைப் பேசியவள் மீதி ஆயுசுக்கும் இதைப் பேசுவாள். மிக்யொங் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விடுமுறை முடிந்ததும் காப்பி மெஷின் பக்கத்தில் ப்யோ டாக்டரை மடக்கினாள். நல்ல பையன். குனிந்து வணக்கம் சொல்வான்.

"டாக்டர், அந்த மில்லுக்கார அம்மா கேஸ்... அந்த நெகட்டிவ், ஒருவேளை வேற மாதிரி நெகட்டிவோன்னு..."

அவனுக்குப் பாதி புரிந்தது. பாதி புரிந்ததுமே முகத்தில் ஈயாடவில்லை. சுற்றும்முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "மேடம், குக் சார் திருத்தி எழுதட்டும், நான் நாளைக்கே அந்த அம்மாவைக் கூப்பிட்டு கீமோ பத்திப் பேசறேன். ஆனா அவர் எனக்குப் பாடம் எடுத்த வாத்தியார். நான் போயி உங்க ரிப்போர்ட் சரியான்னு எப்படிக் கேக்கறது? நீங்கதான் பக்கத்துலயே இருக்கீங்களே."

"நான் கேட்டேன்..."

"என்ன சொன்னார்?"

"சாப்பிடப் போயிட்டார்."

அவன் காப்பியில் இரண்டு வாய் குடித்தான். பிறகு, "நோயாளியே கேட்டா ஸ்லைடைக் கடனாக் கொடுக்கலாமே. சியோல்ல யாராவது பார்த்துச் சொல்லிடுவாங்க. ஒரு கையெழுத்துதான். அப்ப யாரும் யாரையும் தப்பு சொன்ன மாதிரி ஆகாது" என்றான். தன் தலையிலிருந்து பாரம் இறங்கிய நிம்மதியில் இன்னொரு தரம் குனிந்துவிட்டுப் போனான்.

மிக்யொங் அந்த விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை மத்தியானம் மில்லுக்குப் போனாள். மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. தெருவில் நடப்பவர்களெல்லாம் தும்மினார்கள். ஓக்சில் தலையில் துண்டைக் கட்டி, முகமூடி போட்டு, புருவம் வரை செந்தூளாக நின்றாள். மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"என்ன இது?"

"ஸ்லைடை வெளிய எடுக்கறதுக்கு, அண்ணி. ஒரு கையெழுத்து. நானே சியோலுக்கு அனுப்பிடறேன். நீங்க போகக்கூட வேண்டாம்."

ஓக்சில் தாளை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தாள். பிறகு முகமூடியைக் கழற்றினாள். சுற்றிலும் செந்தூள் படிந்து, வாயும் மூக்கும் மட்டும் வெளுப்பாக இருந்த முகம். அந்த முகத்தில் எப்போதும் இருக்கும் ஏளனம் இல்லை.

"மிக்யொங், இங்க பாரு. உள்ளதைச் சொல்லு. எனக்கு ஏதாவது மோசமா இருக்கா?"

இருபத்தேழு வருடத்தில் ஓக்சில் அவளிடம் கேட்ட முதல் நேரான கேள்வி அது. பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆமாம் அண்ணி, இருக்கு, என்று மூன்றே சொல்.

"அப்படின்னு இல்ல, அண்ணி. எதுக்கும் ஒருதரம்..."

"இருக்கா, இல்லையா?"

"நான் டாக்டர் இல்லையே..."

"அதான் தெரியுமே." ஓக்சிலின் குரல் பழையபடி ஆகிவிட்டது. பயந்துபோன மனுஷிக்கு ஏளனம்தான் சீக்கிரம் கைக்கு எட்டும். "நீ சாயம் போடுறவ. துணிக்குப் போடறதுக்குப் பதிலா சதைக்குப் போடற. டாக்டர் ஒண்ணுமில்லைன்னு சொன்னதுக்கு அப்புறம் உனக்கு எதுக்குடி இந்த வேலை? மகன் கப்பல்ல இருக்கான், நான் படுத்துட்டா மில் உன் புருஷனுக்கு வரும்னு பார்க்கறியா?"

உள்ளே காத்திருந்த இரண்டு பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மிக்யொங்குக்குக் காது வரை எரிந்தது, அது மிளகாயால் இல்லை. அந்த நிமிடத்தில் அவள் மனதில் 'போயேன், எப்படியோ போயேன்' என்று ஒன்று எழுந்தது. ஒரு நொடிதான். ஆனால் எழுந்தது. அதை அவள் கடவுளிடம்கூட மறுக்க முடியாது.

"பரவாயில்ல அண்ணி," என்றாள். "நான் சும்மாதான் சொன்னேன்."

"சும்மாவா? அப்ப சரி." ஓக்சில் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய் மெஷினைப் போட்டாள். விண்ணப்பம் கல்லாப்பெட்டி மேல் கிடந்தது. அதைத் திரும்ப எடுத்துவர மிக்யொங்குக்கு வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாகவே நடந்தது. மூன்று மாதம், ஆறு மாதம், ஒன்பது மாதம். ஒவ்வொரு தடவையும் நல்ல செய்தி. ஒவ்வொரு தடவையும் மிக்யொங், தான்தான் தப்பாகப் பார்த்திருக்கிறோம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். அடுத்த வருடப் பண்டிகைக்கு அவள் வார்த்த அடையைக்கூட ஓக்சில் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். குக் டாக்டர் ஓய்வுபெற்றார், மாலையும் தங்கப் பேனாவும் கொடுத்தார்கள். பதிலுக்கு வேறு ஆள் கிடைக்காததால் அடுத்த திங்கட்கிழமையே ஒப்பந்தத்தில் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

இரண்டாவது குளிர்காலத்தில் ஓக்சிலுக்கு இருமல் வந்தது. மிளகாய்த் தூள் என்றாள். ஜனவரியில் படம் எடுத்தபோது இரண்டு நுரையீரலிலும் புள்ளி புள்ளியாக இருந்தது.

இப்போது சியோல் போகமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. கிதே கூட்டிப்போனான். சியோலில் பழைய ஸ்லைடுகளைக் கேட்டார்கள். அதே விண்ணப்பம், அதே கட்டம். ஓக்சில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க, மிக்யொங் தன் கையாலேயே ஸ்லைடுகளைப் பஞ்சு சுற்றிப் பெட்டியில் வைத்தாள். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. மருத்துவ பாஷையில் இருந்ததால் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. ப்யோ டாக்டர் வாங்கிப் படித்தார். படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்து வாத்தியாரின் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

குக் டாக்டர் மிக்யொங்கை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அரைமணி நேரமாகப் பழைய கேஸை மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார், கண் சிவந்திருந்தது.

"இது உன் நாத்தனாராமே?"

"ஆமா சார்."

"ரெண்டு தரம் சாயம் போட்டிருக்கே. உனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"சீட்டு வச்சேன் சார்."

"என்னன்னு எழுதினே?"

அவளுக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை. "நேரமிருந்தால் ஒருமுறை பார்க்கவும்னு."

"நேரமிருந்தால்னு எழுதினா, நேரமில்லாதவன் என்னம்மா பண்ணுவான்?" அவர் குரல் உடைந்தது. கோபமா அழுகையா என்று சொல்ல முடியவில்லை. "கதவைத் தட்டி, சார் இது தப்புன்னு சொல்லக் கூடாதா? நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?"

 பின்பாதி சும்மா ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று சொன்ன மனுஷனுக்கு அது ஞாபகமே இல்லை. இத்தனை வருடம் அதை ஞாபகம் வைத்திருந்தது அவள்தான். அவர்மேல் அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஸ்லைடுப் பெட்டியைத் தூக்கி அவர் முகத்தில் எறியத் தோன்றியது. "சரிங்க சார்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். மறுநாள் ரிப்போர்ட்டில் ஒரு வரி திருத்தம் சேர்ந்தது: பி-53, அறவே இல்லை, பழுதான வகை. தேதி போட்டு, குக் என்று கையெழுத்து.

முதல் கீமோவுக்கு கிதேயால் லீவு போட முடியவில்லை. மிக்யொங்தான் அண்ணியோடு போனாள். சியோல் டாக்டரம்மா சுற்றிவளைக்கிற ஊர்க்காரி இல்லை. கம்ப்யூட்டர் திரையில் அந்த ஸ்லைடின் படத்தைப் போட்டு, பேனா முனையால் சுட்டிக்காட்டி, குழந்தைக்குச் சொல்வது போல விளக்கினாள்.

"இந்த வெள்ளையா இருக்கு பாருங்க, இதுதான் விஷயம். முதல் ஆபரேஷன்லயே இது இருந்திருக்கு. அப்பவே கீமோவும் ரேடியேஷனும் கொடுத்திருந்தா கண்டிப்பா வராதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா வாய்ப்பு ரொம்ப நல்லா இருந்திருக்கும். இப்ப முழுசாக் குணமாக்க முடியாது, தள்ளிப்போடலாம். அப்ப உங்ககிட்ட யாருமே ஒண்ணும் சொல்லலையா?"

ஓக்சில் மிக்யொங் பக்கம் திரும்பவில்லை. டாக்டரம்மாவையே பார்த்துக்கொண்டு, "சொன்னாங்க. ஆனா சும்மாதான் சொன்னேன்னுட்டாங்க" என்றாள்.

ஊசி ஏறி முடிய ஐந்து மணி நேரம். அந்த ஐந்து மணி நேரமும் ஓக்சில் கண்ணை மூடிக் கிடந்தாள். தூங்கவில்லை என்று மிக்யொங்குக்குத் தெரிந்தது. சாயங்காலம் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள். பஸ் பாதி காலி. நகரம் தாண்டி நெடுஞ்சாலைக்கு வந்த பிறகுதான் ஓக்சில் பேசினாள்.

"நான் உன்னை எத்தனை தடவை திட்டியிருப்பேன்?"

"அதெல்லாம் யாரு எண்ணிக்கிட்டு இருந்தா, அண்ணி."

"ஒரு தடவையாவது எதிர்த்துப் பேசியிருக்கியா?"

"இல்ல."

"அதைப் பெருமையா சந்தை பூராச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். என் தம்பி பொண்டாட்டிக்கு வாயே கிடையாது, தங்கம்னு." ஓக்சில் கைக்குட்டையால் வாயைத் துடைத்தாள். குமட்டல் ஆரம்பித்திருந்தது. "நான் திட்டறவதான். பயந்தா இன்னும் ஜாஸ்தியாத் திட்டுவேன். உனக்கா தெரியாது? வாசல்ல நின்னு உன்னைக் கேட்டேனே. இருக்கா இல்லையான்னு ரெண்டு தடவை கேட்டேனேடி. ஓங்கி ஒரு அறை விட்டு, மூடிக்கிட்டு கையெழுத்துப் போடுன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

மிக்யொங்குக்குச் சொல்ல நூறு காரணம் இருந்தது. சட்டம், வேலை, குக் டாக்டர், கிதேயின் முழங்கை, அந்த வாசலில் நின்ற இரண்டு பெண்கள்.   ஆனால் மில் வாசலில் மனதில் 'போயேன்' என்று எழுந்த அந்த ஒரு நொடிதான் நினைவுக்கு வந்தது. அவள் நிமிர்ந்து அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும், அண்ணி. ஸ்லைடைப் பார்த்த அன்னைக்கே தெரியும். இது திரும்பி வரும்னு தெரியும். நான் சொல்லலை."

முன்னிருக்கைக்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரல் தெளிவாக இருந்தது. இழுப்பு இல்லை, 'போல' இல்லை, 'ஒருவேளை' இல்லை. பிறந்ததிலிருந்து அவள் அப்படி ஒரு வாக்கியம் பேசியதில்லை.

ஓக்சில் கைக்குட்டையை மடித்து மடியில் வைத்தாள்.

"இப்ப எவ்வளவு நல்லாப் பேச வருது உனக்கு," என்றாள்.

பிறகு முன் இருக்கையின் கம்பியைப் பிடித்து எழுந்தாள். மிக்யொங் தாங்கிப் பிடிக்க நீட்டிய கையை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு இருக்கையாகப் பிடித்துப் பிடித்து நடந்து, ஓட்டுநருக்குப் பின்னால் காலியாக இருந்த முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.